தோட்டத்து வீட்டில் என்ன குழம்பு?

பாரம்பரிய உணவு, உள்ளூர்க் காய்கறி, சிறுதானியம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். அதையெல்லாம் விளைவிக்க வேண்டியவர் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு? அந்தக் குழம்பில் கிடக்கும் காய் எங்கிருந்து வந்தது?

கேட்டும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம், அதாவது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், சொந்தபந்தங்கள் பெரும்பாலோருக்கு நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று கொஞ்சமாவது பூமி உண்டு. விசேஷம், துக்கம் என்று போகும்போது சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்பேன். (என் மனைவிக்கு இது பிடிக்காது. “போற எடத்துலயெல்லாம் காய்க்கூடைக்குள்ள தலையை உடறீங்க” என்பாள்.) பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான். தக்காளி கோலார்ப் பக்கத்திலிருந்து வந்தது. பெரிய வெங்காயம் நாசிக். கேரட், பீன்ஸ் ஊட்டி மலை. இத்தனையும் ஒரு சின்ன வண்டியில் ஏறி, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தோட்டத்து வாசலுக்கே வருகிறது. வீட்டைச் சுற்றி நாலு ஏக்கர் பூமி, ஆழ்குழாயில் தண்ணீர், ஆனால் ஒரு கொத்து கறிவேப்பிலை மட்டும்தான் சொந்தம்.

எண்ணெய்க் கதை இன்னும் வேடிக்கை. காங்கேயம் என்றால் தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத் தேங்காய் எல்லாம் அங்கேதான் பருப்பாகக் காய்ந்து எண்ணெயாகப் போகிறது. அந்தத் தேங்காயை விளைவிக்கிற வீட்டில் வடை சுடுவது ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிய பாமாயிலில்! ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் கேட்பவர் வீட்டு அடுப்பிலும் பாமாயில்தானே இருக்கிறது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது, அதில் பாதிக் காரணம் நல்ல காரணம். என் அபிப்பிராயம் என்னவென்றால், உள்ளூர் உணவு என்பது நகரத்துக் கடையில் பச்சை நிற அட்டைப் பெட்டியில் ஆரம்பிக்கிற விஷயம் இல்லை. விளைகிற வீட்டுச் சமையல்கட்டில் அது முதலில் திரும்பவேண்டும். திரும்ப வேண்டுமானால் அந்த வீட்டுப் பெண்ணின் கைக்குக் காசு வரவேண்டும். அந்தக் காசை முதலில் கொடுக்கவேண்டியவர்கள் அந்தத் தோட்டத்திலிருந்து படித்து வெளியே போன என்னைப் போன்றவர்கள். இதைச் சொல்லிவிட்டேன். இனிக் கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பாரு காலத்தில் (அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களுக்கு மூன்று விதமான பூமி இருந்தது. கிணறு உள்ளது தோட்டம். மழையை நம்பியது காடு. ஆடு மாடு மேய விட்டது கொறங்காடு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் போட்டது. வேறு ஊர்க்காரர்களுக்குக் கொறங்காடு என்றால் தரிசு மாதிரித் தெரியும். தரிசு இல்லை. காங்கேயம் மாட்டை வளர்த்ததே அதுதான்.

கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். இரண்டு எருதுகள் முன்னும் பின்னும் நடந்து தோல்பறியில் இறைக்கிற தண்ணீருக்கு எவ்வளவு பாயும்? ஒரு நாளைக்குச் சில பாத்தி. அதனால் தோட்டத்தில் எதைப் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சம்தான் போட முடியும். இரண்டு பாத்தி மிளகாய், வரப்பில் வெண்டை, வாய்க்கால் ஓரம் கீரை, தொட்டி வழிகிற இடத்தில் வாழை. தண்ணீர் குறைவாக இருந்ததுதான் பல பயிர் இருந்ததற்குக் காரணம். காட்டில் ஆடிப் பட்டத்தில் கம்போ சோளமோ விதைத்தால், அதற்குள்ளேயே தட்டைப் பயறு, பச்சைப் பயறு, அவரை, துவரை எல்லாம் கலந்து போடுவார்கள். கம்பு முதலில் வீட்டுக்கு வரும். பயறு அடுத்தது. அவரை பனிக்குக் காத்திருந்து மார்கழி, தையில் காய்க்கும். கடைசியில் துவரை. அதற்கும் பிறகு ஈரம் இருக்கிற துண்டில் கொள்ளு. ஒரு மழை தவறினாலும் ஏதோ ஒன்று தப்பித்து வரும் என்கிற கணக்கு அது.

வந்ததை வைத்துக்காப்பாற்றுவது இன்னொரு பெரிய வேலை. துவரையைச் செம்மண் கரைசலில் பிரட்டிக் காயவைத்துப் பானையில் போட்டு வைப்பார்கள். வண்டு விழாது, பிறகு உடைக்கும்போது தோலும் சுலபமாகப் போகும். விதைக்கு என்று எடுத்த அவரைக்கொட்டை சாம்பலில். தானியத்தோடு நொச்சி இலை, வேப்பிலை. சித்திரை வெயிலில் கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், மோர் மிளகாய். முருங்கை பங்குனி, சித்திரையில் மரம் கொள்ளாமல் காய்க்கும்போது தினமும் முருங்கைக்காய்தான். சாம்பாரிலும் அதுவே, பொரியலிலும் அதுவே. நாங்கள் குழந்தைகள் அழுவோம். ‘சீசனல் உணவு’ என்று இன்றைக்கு ஆசையாகச் சொல்கிறார்களே, அதன் நிஜமான அர்த்தம் இதுதான். ஒரே காய் இருபது நாள்.

நெல்லுச்சோறு நோம்பிக்குத்தான். தீபாவளி, பொங்கல், விருந்தாளி. மற்ற நாளில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு, தட்டைப் பயற்றுக் குழம்பு, இல்லையென்றால் பச்சைப்புளி ரசம். நானே சாப்பிட்டு வளர்ந்தவன், ருசியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மோர் ஊற்றிக் கரைத்த கம்பஞ்சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடித்தால் மத்தியானம் வரைக்கும் பசிக்காது.

ஆனால் அந்தக் கம்பஞ்சோறு எப்படி வந்தது என்பதை மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதில்லை. கம்புக்குத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உரலில் போட்டுக் குத்தவேண்டும். முறத்தில் புடைத்து உமியை நீக்கவேண்டும். மறுபடி குத்தி, சலித்து, நொய் தனி மாவு தனியாகப் பிரித்து, கொதிக்கிற உலையில் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்டவேண்டும். எட்டு பேர் சாப்பிடுகிற வீடு. எங்கள் ஆத்தாவும் அம்மாவும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். காலையில் பால் கறந்து, சாணி வழித்து, காட்டுக்குப் போய்க் களை வெட்டி, சாயங்காலம் வந்து இந்த வேலை. அம்மாவின் உள்ளங்கை கடைசி வரைக்கும் சொரசொரப்பாகத்தான் இருந்தது. எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டால் முதுகில் கீறும்.

ஆண்கள் மட்டும் சும்மா இருந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அப்பாருவுக்கு மழை பெய்தால் ஓய்வு உண்டு. ஆத்தாவுக்கு மழை பெய்தால் விறகு நனைந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு கையையும் சொல்லவேண்டும். வருடக் கூலிக்கு எங்கள் பண்ணையத்தில் இருந்த குடும்பம். கூலி தானியமாகப் போகும். நாங்கள் சாப்பிட்ட அதே கம்பு அவர்கள் வீட்டுக்கும் போனது. அளந்து போனது. எங்கள் வீட்டில் குதிரிலிருந்து அள்ளினோம். ‘அந்தக் காலத்தில் எல்லாரும் சத்தான உணவு சாப்பிட்டோம்’ என்று எழுதும்போது அந்த ‘எல்லாரும்’ என்ற வார்த்தையில் கொஞ்சம் தயங்கவேண்டும்.

ஆகவே அரிசி வந்ததைப் பற்றி நான் ஒப்பாரி வைக்கமாட்டேன். ரேஷனில் அரிசி மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது, 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-லிருந்து இலவசம். நகரத்தில் இருந்துகொண்டு ‘ரேஷன் அரிசியால் சிறுதானியம் அழிந்தது’ என்று சொல்வது சுலபம். எங்கள் ஊரில் உலக்கை அதனால்தான் மூலையில் சாத்தப்பட்டது. அம்மா ஒருநாளும் கம்பு இல்லையே என்று வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ‘அரிசின்னா அரை மணி நேரத்துல சோறு கண்ணு’ என்பார். அவருக்கு அது விடுதலை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு ஏமாற்றியபோது எங்கள் பக்கம் தென்னைகளே கருகி நின்றன. காட்டில் ஒரு மணி தானியம் இல்லை. உள்ளூரில் விளைவதை மட்டும்தான் சாப்பிடுவேன் என்று அந்த வருடம் யாராவது விரதம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கிருந்தோ வந்த அரிசிதான் அடுப்பை எரியவிட்டது. அப்பாரு காலத்திலும் உப்பு தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்துச் சரக்கு. வாரச்சந்தைக் கருவாடு கடலிலிருந்து வந்ததுதான், அமராவதியில் பிடித்ததில்லை. சுத்த உள்ளூர் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சரி, அப்படியானால் பிரச்சனை என்ன?

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பகுதி எனக்குக் கண்ணால் பார்த்த கதை. கவலை போய் மோட்டார் வந்தது. 1990-ல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. கிணறு வற்ற வற்ற ஆழ்குழாய் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் ஒரு பொத்தானில் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல பயிர் போடவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அதேசமயம் ஆள் கிடைப்பதும் நின்றது. திருப்பூர் பனியன் கம்பெனி வண்டி ஊருக்கு ஊர் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மிச்சம் இருந்தவர்களுக்கு நூறு நாள் வேலை. விவசாயிகள் கூடுகிற இடத்தில் நூறு நாள் வேலையைத் திட்டாதவர் கிடையாது. எனக்கு அதில் சேரப் பிடிக்காது. அளந்து கொடுத்த கம்பை வாங்கியவர்களின் பேத்திகள் இன்று கூலியைப் பேசி வாங்குகிறார்கள், அதில் திட்ட என்ன இருக்கிறது?

ஆள் இல்லை, தண்ணீர் இருக்கிறது என்றால் எந்தக் குடியானவனும் என்ன செய்வான்? தென்னை வைப்பான். ஏக்கருக்கு எழுபது மரம். சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வியாபாரியே ஆள் கூட்டி வந்து தேங்காய் போட்டு எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். என் தம்பியும் அதைத்தான் செய்தான். அவனுக்கு வயது 61. இரண்டு முட்டியிலும் வலி. மகன் பெங்களூரில். அவன் செய்தது சரி.

ஆனால் தென்னை வந்ததும் தோட்டத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருந்த வழி அடைபட்டுப் போனது. தோட்டம் காசு தருகிறது, காசு கடைக்குப் போகிறது, கடை காய் தருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேங்காய் விலை நன்றாக இருக்கிற வருடம் அது ஓடுகிறது. விலை விழுந்தால் கூடவே குழம்பும் தண்ணீராகிறது. போதாததற்கு, பொள்ளாச்சிப் பக்கம் 2016 வாக்கில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ எங்கள் பக்கமும் வந்து ஓலையெல்லாம் கரியைப் பூசினமாதிரி ஆக்கியது. அப்பாருவின் காட்டில் ஒன்று போனால் ஒன்று வந்தது. இங்கே ஒன்று போனால் ஒன்றுமில்லை.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. முன்பு வீட்டுக்கு எது வேண்டும் என்பதை ஆத்தா சொன்னார், அது நிலத்தில் விதைக்கப்பட்டது. ‘இந்த வருசம் தொவரை பத்தல, அந்த மூலையில சேத்திப் போடுங்க’ என்றால் அப்பாரு போடுவார். தென்னந்தோப்பில் பெண் சொல்ல என்ன இருக்கிறது? வியாபாரியோடு பேசுவது ஆண், காசு வாங்குவது ஆண். பெண்ணுக்கு மாடும் சாணியும் மட்டும் மாறாமல் இருக்கிறது.

இந்த வருடம் சித்திரையில் தம்பி என்னிடம், கிணற்றுமேட்டில் மிச்சம் இருக்கிற 40 சென்ட்டிலும் தென்னங்கன்று வைத்துவிடப் போவதாகச் சொன்னான். அந்த 40 சென்ட்டில்தான் இப்போது தீவனச் சோளமும் ஓரத்தில் கொஞ்சம் வெண்டை, கத்தரியும் இருக்கின்றன. மாடு இரண்டையும் கொடுத்துவிட்டால் தீவனம் எதற்கு என்பது அவன் கணக்கு. தம்பி மனைவி அப்போது ஒன்றும் பேசவில்லை. நான் கிளம்பும்போது கட்டுத்தறிப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“ஏனுங் மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. அந்தத் துண்டை மட்டும் உட்டுறச் சொல்லுங்க.”

“ஏம்மா, உனக்கும்தான் முடியலையே. மயில் வேற எல்லாத்தையும் கொத்திப் போடுதுங்கறே.”

“மயில் கொத்துதுங்க. வலை கட்டிக்கலாமுங்க. மாசம் அறநூறு எழுநூறுக்குக் காய் வாங்கறனுங்க. அந்தக் காசைக் கேட்டு வாங்கோணும் மாமா. செடி இருந்தா கேக்க வேண்டீதில்ல பாருங்க.”

அவள் சொன்னதில் சத்து, நஞ்சில்லா உணவு, மண்வளம் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்கவேண்டியதில்லை, அவ்வளவுதான். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுவே. குடும்பத்துக்கு வேண்டியதைக் குடும்பம் முதலில் விளைவித்துக்கொள்ளட்டும், சந்தை அப்புறம் என்றார். 2013-ல் அவர் காலமான பிறகு, அந்தப் பேச்சிலிருந்து ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் எடுத்து விலைச்சீட்டில் ஒட்டிக்கொண்டார்கள். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது நட்சத்திர ஓட்டலில் கம்பங்கூழ் கிண்ணத்தில் வந்தது. கம்பு விதைத்தவர் வீட்டில் அன்றைக்கும் இட்லிதான்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் இதனால் ஒரு சின்னப் பூசல் ஓடுகிறது.

ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்குப் போன சொந்தக்காரர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. காரின் பின்பக்கம் தேங்காய், வாழைத்தார், முருங்கைக்காய், ஒரு கேன் எண்ணெய். இது அன்பு, மறுக்கவில்லை. அப்பாரு காலத்தில் இதற்கு எதிர்ச் சீர் இருந்தது. வாங்கிப் போனவர் களையெடுக்க வருவார், கடலைக்காய் ஆய வருவார், எருது இரவல் தருவார். இன்றைக்கு கோயமுத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர் என்ன தருகிறார்? ஒரு கிலோ மைசூர்பாகு. அதே மனிதர் ஊருக்குத் திரும்பி, இயற்கை அங்காடியில் நாட்டுச் சர்க்கரைக்கும் மரச்செக்கு எண்ணெய்க்கும் கேட்ட விலையைக் கொடுக்கிறார். தம்பி மனைவி விளைவித்த கத்தரிக்காய்க்கு விலை இல்லை, ஏனென்றால் அவள் சொந்தம்!

நான் ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து என் வீட்டுக்குத் தோட்டத்திலிருந்து வருவதற்குக் கணக்கு வைத்துக் காசு கொடுக்கிறேன். பக்கத்து ஊர் உழவர் சந்தைப் பலகையில் அன்றைக்கு என்ன விலையோ அது. உழவர் சந்தை 1999-ல் ஆரம்பித்த நல்ல ஏற்பாடு. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் ஒரு விலை எழுதிப் போடுகிறார்கள், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அங்கேயே கொண்டுபோய் விற்கலாமே என்பீர்கள். நாலு கிலோ வெண்டைக்காயும் இரண்டு கட்டுக் கீரையும் வைத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பஸ் ஏற முடியுமா? மாட்டை யார் கறப்பது? சின்ன அளவில் விளைவதற்கு, சாக்கைத் தூக்கிக்கொண்டு போகிற தூரத்தில் நாலு வீடு வேண்டும். அதுதான் அதற்குச் சந்தை.

காசை முதல் தடவை கொடுத்தபோது தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏண்ணா, நமக்குள்ள காசு வாங்கறதா? ஊரு கேட்டா சிரிக்கும்ண்ணா” என்றான். நான் அவனிடம் விவாதம் செய்யவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவன் மனைவியின் வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தேன். அவளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. இரண்டாம் மாதமே, “மாமா, போன வாரம் அவரக்காய் ரெண்டு கிலோ உட்டுப்போச்சுங்க, கணக்குல சேத்திக்கங்க” என்று ஃபோன் வந்தது. கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சித்திரைக்குப் பிறகு திருப்பூரில் இருக்கும் எங்கள் தங்கையிடமும், பல்லடத்தில் இருக்கும் மைத்துனரிடமும் இதே மாதிரிச் செய்யச் சொன்னேன். மாதம் 1500 ரூபாய் முன்பணம். வாரம் ஒரு பை. பையில் என்ன வரும் என்று கேட்கக் கூடாது, விளைந்தது வரும். முருங்கை மாதத்தில் முருங்கைதான். மூன்று வீடு சேர்ந்தால் மாதம் 4500. 40 சென்ட் தென்னை, காய்க்க ஆரம்பித்து, விலையும் நன்றாக இருந்தால்கூட மாதம் அவ்வளவு வராது. இன்றைக்கு வைக்கிற கன்று காய்க்க இன்னும் நாலைந்து வருடம். தம்பிக்குக் கணக்குப் புரியும், மின்வாரியத்தில் இருந்த என்னைவிட அவனுக்குக் கணக்கு நன்றாக வரும்.

மைத்துனர் ஒப்புக்கொண்டார். தங்கைக்குத்தான் கோபம். “பொறந்த வூட்டுல இருந்து காய் வாங்கறதுக்கு நான் காசு தரோணுமா?” என்று கேட்டாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அது வேறு கணக்கு. பெண்ணுக்குப் பூமியில் பாகம் கொடுக்காமல், தேங்காயும் சீரும் கொடுத்தே காலத்தை ஓட்டிய குடும்பங்கள் எங்கள் பக்கம் எல்லாமே. 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் மாறியும் எத்தனை தங்கைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! ஆகவே அவளுக்குப் பை இலவசமாகவே வரட்டும், அவள் பங்கு 1500-ஐ நான் சேர்த்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது தெரிந்ததும் இன்னும் கோபம். பேசிக்கொண்டிருக்கிறோம்.

கம்பும் போடச் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உரல் வேண்டாம். காங்கேயத்தில் மில்லில் கொடுத்து உமி நீக்கி உடைத்து வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கூலியை நான் தருகிறேன். உலக்கை இல்லாமல் வருகிற கம்பஞ்சோறு ருசி குறைவு என்று என் வயதுக்காரர் ஒருவர் சொன்னார். குத்திப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த பையில் இருந்தது: முருங்கைக்காய் பதினாறு, கத்தரிக்காய் ஒரு கிலோ, கொத்தவரை முக்கால் கிலோ, அரைக்கீரை ஒரு கட்டு, எலுமிச்சை ஆறு, மயில் கொத்திய வெண்டைக்காய் ஒரு கைப்பிடி. வெண்டைக்காய்க்குக் கணக்குப் போடவில்லை, “நல்ல பக்கத்தை மட்டும் அரிஞ்சுக்குங்க” என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். தக்காளியும் பெரிய வெங்காயமும் நாங்களும் கடையில்தான் வாங்கினோம்.

கிணற்றுமேட்டு 40 சென்ட் பற்றித் தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. நர்சரிக்காரரிடம் கன்றுக்கு முன்பணம் கொடுக்காமல் தள்ளிப்போட்டிருக்கிறான். “ஆடி மழையைப் பாத்துட்டுச் சொல்றேண்ணா” என்கிறான். வலைக்குத் தாராபுரத்தில் விலை விசாரித்தாயிற்று. அவரை விதை சாம்பலில் பிரட்டி டப்பாவில் இருக்கிறது.